கவர்மெண்டுக்கு ஒரு டம்ளர்

எனக்கு மாப்பிள்ளை தேடிய காலத்தில் என் அப்பா ஒரு வீட்டை எடைபோட இரண்டே விஷயங்களைத்தான் பார்ப்பார். அந்த வீட்டு ஆண்கள் பெண்களிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பது ஒன்று. அடுத்தது தண்ணீர். அவர் குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டியவர். தண்ணீர் சரியில்லை என்றால் நூலில் சாயம் பிடிக்காது. ஆகவே ஒரு வாய் குடித்ததும் தண்ணீரின் ஜாதகத்தையே சொல்லிவிடுவார் என்று எங்கள் தெருவில் அவருக்குப் பேர் இருந்தது.

மாதனூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எங்கள் ஆட்களிலேயே தறியை விட்டு நிலத்துக்குப் போன குடும்பம் இருக்கிறது, பையன் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறான் என்று கேள்விப்பட்டு, அம்மாவையும் அழைத்துக்கொண்டு வீடு பார்க்கப் போனார். அங்கே இரண்டு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். "உங்க கெணத்துத் தண்ணியா?" என்று கேட்டாராம். "ஆமாங்க" என்றாராம் என் வருங்கால மாமனார். அப்பா ஊருக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல், "தண்ணி கல்கண்டு மாதிரி இருக்குது. பொண்ண குடுக்கலாம்" என்றார்.

கொடுத்துவிட்டார்கள்.

கல்யாணம் முடிந்து அந்த வீட்டில் முதல் நாள் காலை முகம் கழுவப் போனேன். சோப்பு நுரைக்கவில்லை, கையில் தயிர் மாதிரி திரிந்தது. சோப்பு மேல் சந்தேகப்பட்டு அம்மா கொடுத்தனுப்பிய புது சோப்பைப் பிரித்தேன். அதுவும் திரிந்தது. வாய் கொப்பளித்தபோதுதான் விஷயம் புரிந்தது. உப்பு, அதோடு ஒரு துவர்ப்பு, அதற்கும் பின்னால் ஊறவைத்த தோலின் வாடை. கிணற்றை எட்டிப் பார்த்தேன். டீ நிறத்தில் தண்ணீர் அமைதியாக இருந்தது.

"நல்ல தண்ணி அந்தப் பித்தளைக் குடத்துல இருக்குதும்மா. குடிக்கறதுக்கு மட்டும் அதுல மொண்டுக்கோ, மத்ததுக்கெல்லாம் இது" என்றார் அத்தை. என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. அப்புறம் ஏன் என் அப்பா அம்மா வந்தபோது சொல்லவில்லை என்று கேட்டேன்.

"வந்தவங்களுக்குப் போயி உப்புத் தண்ணி குடுப்பாங்களா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அவர் குரலில் இருந்தது நிஜமான ஆச்சரியம். மாமனாரிடமும் கேட்டேன். நல்ல தண்ணீர் மலையடிவாரத்து மாந்தோப்புக் கிணற்றில் இருந்து வருவது, அதுவும் கிணறுதானே என்றார்.

அந்த ஊரில் எல்லா வீட்டிலும் இப்படித்தான். பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஷாப்புகள் பெருகப் பெருக, அங்கே இருந்து வெளியேறிய தண்ணீர் வாய்க்காலில் இறங்கி, மண்ணில் இறங்கி, கடைசியில் எங்கள் கிணறுகளிலும் இறங்கிவிட்டது. கழனியில் நெல் விளைந்த நாள் போய், தென்னை மட்டும் நின்றது. தேங்காய் எலுமிச்சை அளவுக்கு வந்துகொண்டிருந்தது. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, பால் திரியும், சோறு மஞ்சளாக வடியும். ஆனாலும் வீட்டுக்கு யார் வந்தாலும் மாந்தோப்புத் தண்ணீர்தான் கொடுப்பார்கள். நான்கு பேருக்கு நம் ஊர்த் தண்ணீர் கெட்டது என்று தெரிந்தால் பெண் கொடுக்கவும் வரமாட்டார்கள், எடுக்கவும் வரமாட்டார்கள். இதை யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. விருந்தாளி தலை தெரிந்ததும் கை தானாகப் பித்தளைக் குடத்துக்குப் போகும்.

என் வீட்டுக்காரர் வேலை பார்த்தது ஷூவுக்குத் தோல் வெட்டும் பிரிவில். காலையில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். தண்ணீரைக் கெடுத்த தொழிலில் இருந்துதான் வீட்டுக்கு மாதச் சம்பளமும் வந்தது. அதனால் யாரைத் திட்டுவது என்பதில் எங்கள் வீட்டில் ஒரு தெளிவு இல்லாமல் இருந்தது. மாமனார் மட்டும் பொதுவாக ஆகாயத்தைப் பார்த்துத் திட்டுவார்.

எண்பதுகளின் நடுவில், நான் உண்டான சமயம், பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் ஒரு திட்டம் வந்தது. கிணறு கெட்டுப்போன சிறு விவசாயிகள் வேறு இடத்தில் புதுக் கிணறு வெட்டிக்கொண்டால் பாதிச் செலவை அரசாங்கம் மானியமாகக் கொடுக்கும். மீதிக்கு பேங்க் கடன். எங்களுக்கு மலைப்பக்கமாக மேட்டில் ஒரு கொல்லை இருந்தது. மழையை நம்பி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற மானாவாரி நிலம். அங்கே வெட்டினால் நல்ல தண்ணீர் வரும் என்று மாமனார் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கையில் காசில்லாததால் சொல்வதோடு நின்றிருந்தது.

எனக்கு அந்தக் கிணறு எவ்வளவு தேவை என்பதைச் சொல்லியாக வேண்டும். நான் உண்டான சேதி கேட்டு அம்மா பார்க்க வந்திருந்தாள். தெருவில் விளையாடிய பிள்ளைகளின் கை கால்களில் இருந்த சிரங்கைப் பார்த்தாள். என் தலைமுடியைத் தொட்டுப் பார்த்தாள், அது தேங்காய் நாராகி இருந்தது. கிணற்றடிக்குப் போய் ஒரு கை அள்ளி வாயில் வைத்துத் துப்பினாள். அத்தையின் எதிரிலேயே சொன்னாள்:

"தலப்பிரசவம் எங்க வூட்லதான். பெத்ததுக்கு அப்புறம் புள்ளையும் எங்க வூட்லதான், பொண்ணும் எங்க வூட்லதான். இந்தத் தண்ணிய ஊத்தி வளக்கறதுக்கு நான் அனுப்ப மாட்டேன். நல்ல தண்ணி வரட்டும், நானே கொண்டாந்து வுடறேன்."

அம்மா சொன்னால் சொன்னதுதான். எனக்கு என் வீட்டுக்காரரைப் பிடித்திருந்தது. அந்தக் காலத்தில் இதை வெளியே சொல்லிக்கொள்ள மாட்டோம், ஆனால் பிடித்திருந்தது. அவரை மாதனூரிலும் என்னைக் குடியாத்தத்திலும் வைத்துவிட்டு நடுவில் ஒரு கிணறு வெட்டப்படாமல் கிடப்பதை நினைத்தால் அழுகை வந்தது. இதற்குள் என் அப்பாவின் நிலைமை இன்னும் மோசம். தண்ணீரைப் பார்த்துப் பெண் கொடுத்த மனுஷன் என்று அம்மா அவரைத் தினமும் இரண்டு வேளை சாப்பாட்டோடு சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள்.

மாமனார் மனு கொடுத்தார். ஊரில் ஏறக்குறைய எல்லோரும் கொடுத்தார்கள். ஒரு நாள் மத்தியானம் கிணறுகளைச் சோதிக்க ஆபீசர் வந்தார். தண்ணீரைச் சோதிக்க வேலூரில் ஏதோ ஆய்வகம் இருந்ததாம். மாதிரி எடுக்கிற பாட்டில்கள் வந்து சேராததால், அதிகாரி நேரில் பார்த்து அறிக்கை எழுதலாம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த ஆபீசருக்குச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே வேப்பமரத்து நிழல் விழுந்து ஒன்றும் தெரியவில்லை.

"தண்ணி சுத்தமா கெட்டுப்போச்சு சார். வாயில வெக்க முடியாது" என்றார் மாமனார்.

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க" என்றபடி ஆபீசர் வாசலில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா."

அத்தை கொண்டுவந்து கொடுத்தார். எவர்சில்வர் செம்பில், டம்ளரைக் கழுவித் துடைத்து, நல்ல தண்ணீர். ஆபீசர் ஒரே மூச்சில் குடித்தார். "இன்னும் கொஞ்சம் குடிங்க சார், வெயிலு ஜாஸ்தியா இருக்குது" என்று மாமனாரே இரண்டாவது டம்ளரை ஊற்றிக் கொடுத்தார். நானும் கதவோரம் நின்றிருந்தேன். எனக்கும் உறைக்கவில்லை. ஆபீசர் வாயைத் துடைத்துக்கொண்டு நோட்டில் ஏதோ எழுதினார். மரியாதையான மனுஷன், கிளம்பும்போது அத்தையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

சில வாரம் கழித்துப் பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில் முடிவு ஒட்டியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கும்போது பார்த்துவிட்டு வந்து சொன்னார். எங்கள் ஊர்க் கிணறுகளில் தண்ணீர் தெளிவானது, சுவையானது, குடிக்க உகந்தது. ஆகவே மானியம் தேவைப்படவில்லை. ஊரில் ஏறக்குறைய எல்லோருமே ஆபீசருக்கு நல்ல தண்ணீர் கொடுத்திருந்தார்கள். அரசாங்கக் கணக்குப்படி பாலாற்றங்கரையிலேயே நல்ல தண்ணீர் கிடைக்கிற ஊர் எங்கள் ஊர்தான்.

ஒரே ஒருவருக்கு மட்டும் மானியம் கிடைத்திருந்தது. தெருக்கோடி வீட்டுக்காரர். எச்சில் கையால் காக்கா ஓட்டாத ஆள். ஆபீசர் அவரிடமும் தண்ணீர் கேட்டிருக்கிறார். "கெணத்துல கெடக்குது, மொண்டு குடிச்சுக்கோங்க" என்று படுத்த இடத்தில் இருந்தே சொல்லியிருக்கிறார் அவர். ஆபீசர் மொண்டு குடித்திருக்கிறார். ஊரிலேயே கெட்ட தண்ணீர் அவருடையது என்று முடிவாகிவிட்டது. அதன் பிறகு கொஞ்ச நாள் அவர் தெருவில் நடக்கிற நடையே வேறு மாதிரி இருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அத்தை மேல் கோபப்படலாம் என்று சமையலறைக்குப் போனேன். அவர் அந்தப் பித்தளைக் குடத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "நாந்தான் கெடுத்தேன். ஆனா வேற இன்னா பண்ணியிருப்பேன், நீயே சொல்லு" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன்.

மாமனாரும் இன்னும் நாலைந்து பேரும் யூனியன் ஆபீசுக்குப் போனார்கள். ஆபீசர் அவர்களைப் பார்த்ததும், "நானே குடிச்சேன். ரெண்டு டம்ளரு. என் நாக்க நான் நம்பக் கூடாதா?" என்று கேட்டாராம். மாமனார் மாந்தோப்புக் கிணற்று விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். ஆபீசருக்கு முகம் சிவந்துவிட்டது.

"அப்போ என்ன ஏமாத்துனீங்களா?"

"ஏமாத்தல சார். மரியாத."

மானியம் கேட்கிறவர்கள் நல்ல கிணற்றைக் கெட்ட கிணறு என்று ஏமாற்றுவதைத்தான் அவர் சர்வீசில் பார்த்திருக்கிறார். கெட்டதை நல்லது என்று காட்டி ஏமாற்றியவர்களை என்ன செய்வது என்று எந்த விதியிலும் இல்லை. கடைசியில், இன்னொரு தடவை வருகிறேன், இந்தத் தடவை கிணற்றுத் தண்ணீரையே கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினாராம்.

இதைக் கேட்டதும் அத்தை முடியவே முடியாது என்றுவிட்டார். "நீங்க குடுத்துக்கோங்க. வெயில்ல வர்ற மனுஷனுக்கு அந்தச் சனியன எந்தக் கையால குடுப்பேன்? அவரு இன்னா நெனப்பாரு, நம்மளப் பத்தி?" மாமனார் ஆகாயத்தைப் பார்த்தார். என் வீட்டுக்காரர், "கோடி வூட்டுக்காரரு மாதிரி நம்மளும் படுத்துனே சொல்லிர்லாம்மா" என்றார். அத்தை அவரைப் பார்த்த பார்வையில் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். வளைகாப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. அது முடிந்தால் அம்மா என்னை அழைத்துக்கொண்டு போய்விடுவாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அத்தையின் எதிரில் போவதும் வருவதுமாக இருந்தேன்.

ஆபீசர் வந்தார். இந்தத் தடவையும் மத்தியானம், அதே வெயில். நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். அத்தை உள்ளே இருந்து வர நேரமானது. மாமனார் இரண்டு முறை இருமினார். அப்புறம் அத்தை இரண்டு கையிலும் இரண்டு டம்ளரோடு வந்தார். முகத்தைச் சேலைத் தலைப்பில் துடைத்திருந்தார், கண் சிவந்திருந்தது. இடது கை டம்ளரை நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த கல் மேல் வைத்தார். வலது கை டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"ஐயா, அது கவர்மெண்டுக்கு. இது உங்களுக்கு" என்றார்.

ஆபீசர் கொஞ்ச நேரம் இரண்டையும் பார்த்தார். பிறகு கல் மேல் இருந்ததை எடுத்து ஒரு வாய் வைத்தார். துப்பியிருக்கலாம். பக்கத்திலேயே மண் தரைதான். ஆனால் அத்தை எதிரில் நின்றிருந்தார். அந்த மனுஷன் கஷ்டப்பட்டு விழுங்கினார். தொண்டைக்குழி ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. கையை நீட்டினார். அத்தை வலது கை டம்ளரைக் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு நோட்டைத் திறந்தார்.

"எவ்ளோ வருஷமாம்மா இதுல பொழங்கறீங்க?"

"இவன் பள்ளிக்கூடம் போற காலத்துல இருந்து" என்று அத்தை, அன்றைக்கு லீவு போட்டு நின்றிருந்த என் வீட்டுக்காரரைக் காட்டினார்.

அவர் எழுதினார். அன்றைக்கு ஊரில் மற்ற வீடுகளுக்கும் போனார். எங்கள் வீட்டு விஷயம் அவருக்கு முன்னாலேயே ஓடிப்போய்ச் சேர்ந்திருந்தது. எல்லா வீட்டிலும் இரண்டு டம்ளர் வைத்தார்கள். எல்லாக் கவர்மெண்டு டம்ளரிலும் அவர் வாய் வைத்தார். மறுநாள் அவர் ஆபீசுக்கு வரவில்லை என்று கேள்விப்பட்டோம்.

மானியம் சாங்ஷன் ஆகிவிட்டது. ஆனால் மானியம் என்பது கிணறு வெட்டப் பணம் கொடுப்பது இல்லை, வெட்டிய கிணற்றுக்குப் பணம் கொடுப்பது என்பது அப்புறம்தான் தெரிந்தது. முதலில் நாம் வெட்ட வேண்டும். அவர்கள் வந்து டேப் வைத்து ஆழம் அளப்பார்கள். அளந்த ஆழத்துக்குப் பாகம் பாகமாகப் பணம் வரும். மாமனார் உழவு மாட்டை விற்றார். கிணறு வந்தால் உழுவதற்கு மாடு வேண்டுமே என்று அத்தை கேட்டார். மாடு வேண்டும் என்றால் கிணறு வேண்டுமே என்றார் மாமனார். இந்தப் பேச்சு அந்த வீட்டில் பல நாள் நடந்ததாக என் வீட்டுக்காரர் சொன்னார். நான் அதற்குள் வளைகாப்பு முடிந்து குடியாத்தம் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் வருவார். பெண் குழந்தை பிறந்தது. குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவதற்கு முன்னால் கிணற்று நிலவரம் சொல்வார். பாறை வந்துவிட்டது, வெடி வைக்கிறார்கள். ஒரு பாகம் பணம் வந்தது. அளக்க வருகிறவர் லீவில் இருக்கிறார். இன்னும் ஈரம்கூட வரவில்லை. அம்மா தறி நூலைச் சிக்கெடுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள். மாப்பிள்ளைக்கு வடை சுட்டுப் போடுவாள், என்னை அனுப்புகிற பேச்சை மட்டும் எடுக்க மாட்டாள். சாயங்காலம் அவர் பஸ் ஏறப் போனதும் நான் பின்பக்கம் போய் அழுதுவிட்டு வருவேன். அப்பா சும்மா இருந்தார். தண்ணீரைப் பற்றிப் பேசுகிற தகுதி அவரிடம் இருந்து பறிக்கப்பட்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து செருப்பைக் கழற்றும்போதே, "தண்ணி வந்துடுச்சு" என்றார்.

அம்மா சொன்ன வார்த்தையை மீறவில்லை. அடுத்த வாரமே என்னையும் குழந்தையையும் கொண்டுவந்து விடக் கிளம்பினாள். கூடவே ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கு நிறைய எங்கள் வீட்டுத் தண்ணீரை ஊற்றி, மூடியை லுங்கித் துணியால் இறுகக் கட்டினாள். எதற்கு என்று கேட்டேன். "எதுக்கும் இருக்கட்டும்" என்றாள். மாதனூர் வரைக்கும் பஸ்ஸில் நான் குழந்தையை மடியில் வைத்திருந்தேன், அவள் தூக்கை மடியில் வைத்திருந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தை ஆரத்தி சுற்றி உள்ளே அழைத்தார். எவர்சில்வர் செம்பில், துடைத்த டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். அம்மா ஒரு வாய் குடித்தாள். நாக்கிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கினாள்.

"எங்கேந்து கொண்டாந்தீங்க அண்ணி?"

"நம்ம கெணத்துத் தண்ணிதான்."

"அன்னிக்கும் அப்டித்தான் சொன்னீங்க."

அத்தைக்கு முகம் விழுந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் முதல் முறையாக உண்மையான தண்ணீரை விருந்தாளிக்குக் கொடுத்திருக்கிறார், அதை நம்ப ஆள் இல்லை. அவர் சண்டை போடவில்லை. மூலையில் இருந்த கயிற்றையும் வாளியையும் எடுத்துக்கொண்டு, "வாங்க அண்ணி" என்று மேட்டுக் கொல்லையைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். அம்மா தூக்கோடு பின்னால் போனாள். நான் குழந்தையோடு அவள் பின்னால் போனேன். வழியெல்லாம் குழந்தை மட்டும் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தது.

புதுக் கிணற்றைச் சுற்றி வெடித்த பாறை குவிந்து கிடந்தது. அத்தை வாளியை இறக்கினார். ஆழமான கிணறு, நெடுநேரம் கழித்துத்தான் சத்தம் கேட்டது. இழுத்து மேலே கொண்டுவந்தார். அம்மா குனிந்து இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள். அத்தை ஊற்றினார். அம்மா குடித்தாள். இன்னும் ஊற்றச் சொல்லித் தலையை ஆட்டினாள், மறுபடியும் குடித்தாள். ஈரக் கையால் என் குழந்தையின் முகத்தைத் துடைத்தாள். குழந்தை சிலிர்த்துக்கொண்டு சிரித்தது.

அம்மா தூக்கின் கட்டை அவிழ்த்தாள். குடியாத்தத்தில் இருந்து மடியில் சுமந்துவந்த தண்ணீர் முழுவதையும் பக்கத்துச் செடிகளுக்கு ஊற்றினாள். காலித் தூக்கை அத்தையிடம் நீட்டினாள்.

"இதுல ரொப்பிக் குடுங்க அண்ணி. எங்க வூட்டுக்காரருக்கு எடுத்துனு போறேன்."

அத்தை வாங்கிக்கொண்டார். வாளியைச் சாய்த்து ஊற்றினார். தூக்கு நிறைந்து வெளியே வழிந்தது, அவர் நிறுத்தவில்லை. அழுதுகொண்டிருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. அம்மாவும் போதும் என்று சொல்லவில்லை. இரண்டு பேர் காலும் நனைந்தது.

மானியத்தின் கடைசிப் பாகம் என் மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகு வந்தது. அந்தத் தூக்கு மட்டும் அன்றைக்குச் சாயங்காலமே குடியாத்தம் போய்ச் சேர்ந்துவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லாமல் ஒரு டம்ளர் ஊற்றி அப்பாவிடம் கொடுத்தாளாம். அவர் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாராம்.

"நான் அப்பவே சொல்லல?"